சிலுப்பாத கிடாய்

ஈரமான கிடாய் ஆட்டின் வாசம் எல்லாருக்கும் பிடிப்பதில்லை. துணி துவைக்கிற சவுக்காரமும் கிடாய்க்கே உரிய மொச்சை வாடையும் கலந்து, காலை வெயிலில் லேசாக ஆவி பறக்கும்போது வருகிற வாசம் அது. இப்போது நான் குடியிருக்கும் புந்தோங்கில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஈரத் துணியைச் சரியாகக் காயவைக்காமல் விட்டாலே போதும், அந்த வாசம் ஞாபகத்துக்கு வரும், கூடவே என் பெரியப்பா மேல் உள்ள ஆத்திரமும் வரும். இரண்டையும் நான் பிரித்துப் பார்த்ததே இல்லை.

ஆயர் தாவார் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த தோட்டம் ஒன்றில் நாங்கள் இருந்தோம். அப்பா பிறந்தபோது "கித்தா" என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரமாக நின்று, நான் பிறப்பதற்குள் எண்ணெய் எடுக்கும் செம்பனையாக மாறிவிட்ட தோட்டம். அப்பா அங்கே குலை வெட்டுகிறவர். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயங்களில், பக்கத்து லயத்தில் ஒரு ஆடு குட்டி போட்டுவிட்டுச் செத்துப்போக, இது எங்கே பிழைக்கப் போகிறது என்று சொல்லி அந்தக் குட்டியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். பால்மாவைக் கரைத்துப் புகட்டிப் புகட்டி நான் அதைப் பிழைக்கவைத்தேன். காலையில் தலையைத் தூக்கிக்கொண்டு லயத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு வாசலையும் எட்டிப் பார்த்துவிட்டு வரும் என்பதால் அம்மா அதற்குத் "தொரை" என்று பேர் வைத்தார். தோட்டத்து மேனேஜரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று, வீட்டுப் பக்கம் நாற்றம் வரக் கூடாது. ஆகவே தினமும் பள்ளிக்குப் போகுமுன் பைப்படியில் தொரையைக் குளிப்பாட்டினேன். தண்ணீரைக் கண்டாலே ஆட்டுக்கு ஆகாது. முதல் நாட்களில் அது உடம்பைச் சிலுப்பிய சிலுப்பில் கொடியில் காய்ந்த துணியெல்லாம் நாசமாகி, எனக்குத்தான் முதுகில் விழுந்தது. அதனால் சிலுப்பாமல் நின்றால் ஒரு பலா இலை, சிலுப்பினால் இலை கிடையாது என்று பழக்கினேன். கொஞ்ச மாதங்களில், வாளித் தண்ணீரை அப்படியே கவிழ்த்தாலும் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு என் கையையே பார்க்கும்.

ஆடு வளர்த்தவர்களுக்குத் தெரியும், அது நன்றி சொல்லாது. கொடுத்ததைத் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கையை மோந்து பார்க்கும். ஆனால் பள்ளி பஸ் வருகிற நேரத்துக்குச் சாலை முனையில் வந்து நிற்கும். மழை பெய்தாலும் நிற்கும். பால் கொடுத்து வளர்த்ததை நான் சொல்லிக்காட்டியதில்லை, சொல்லியிருந்தாலும் காதை ஆட்டிவிட்டுப் போயிருக்கும். நன்றி என்பது இப்படித் தானாக வந்து நிற்பது, கேட்டு வாங்குவதல்ல என்று அந்த வயதிலேயே எனக்குப் புரிந்தது. புரியாதவர் ஒருவர் ஜெலாப்பாங்கில் இருந்தார்.

அவர்தான் அப்பாவின் அண்ணன். இரண்டு லாரி வைத்திருந்தார். ஒருநாள் குலை ஏற்ற எங்கள் தோட்டத்துக்கு அவர் வந்திருந்தபோது அப்பாவை நாகம் கடித்துவிட்டது. பாரத்தை அப்படியே இறக்கிப் போட்டுவிட்டு அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர் பெரியப்பாதான். அதை நான் மறுக்கவில்லை, அவர் இல்லாவிட்டால் அப்பா இல்லை. ஆனால் காப்பாற்றிய அந்த உயிருக்கு அவர் அதன்பிறகு வாழ்நாளெல்லாம் வாடகை வாங்கினார். பழுத்த பலாப்பழம், அடைகாத்த கோழி, கோயில் குலுக்கலில் அம்மாவுக்கு விழுந்த மின்விசிறி என்று கண்ணில் பட்டதெல்லாம் லாரியில் ஏறியது. "அன்னிக்கு என் லாரி இல்லேன்னா நீ ஏதுடா தம்பி" என்று சிரித்துக்கொண்டே எடுத்துப் போவார். அப்பாவும் சிரிப்பார். அடுப்படியில் பாத்திரங்கள்தாம் சத்தம் போடும்.

மூன்றாவது லாரி வாங்கினால் எங்கள் தோட்டத்து முனியாண்டிக்குக் கிடாய் வெட்டுவதாகப் பெரியப்பா வேண்டிக்கொண்டிருந்தார். லாரியும் வந்தது. திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது வந்தவர், நிழலில் அசைபோட்டுக்கொண்டிருந்த தொரையின் முதுகை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதையே முனியாண்டி ஐயாவுக்குக் குடுத்துருவோம்லா" என்றார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதுதான். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சரி என்று தலையாட்டினார். நான் அன்று சோறு தின்னவில்லை. உயிர் கொடுத்தவரிடம் எப்படி இல்லை என்பது என்று அப்பா திரும்பத் திரும்ப அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் காதில் விழுந்தது.

எங்கள் வழக்கத்தில், வெட்டுவதற்கு முன் கிடாயின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி "உத்தரவு" கொடுத்துவிட்டார் என்று அர்த்தம், சிலுப்பாத கிடாயின் மேல் கத்தி படக் கூடாது. தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலுப்பும் என்பதால் சாமி உத்தரவு தராத திருவிழா ஒன்று யாருக்கும் ஞாபகத்தில் இல்லை. மறுநாள் காலை, வீங்கிய கண்ணோடு தொரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அது அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

அன்றிலிருந்து தண்ணீரில் மஞ்சள் தூள் கலந்தேன். காதுக்குள் சொட்டு விழும்படி ஊற்றினேன். திருவிழாவில் அடிக்கும் உறுமி மேளச் சத்தத்துக்கு மிரளக் கூடாது என்று பிஸ்கட் டின்னைத் தட்டிக்கொண்டே ஊற்றினேன். பெரியப்பாவின் முகத்தை நினைத்துக்கொண்டு தட்டியதால் டின் நெளிந்தே போனது. அடுப்படியில் மஞ்சள் தூள் மளமளவென்று குறைந்ததை அம்மா கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. அடுத்த முறை ஆயர் தாவாருக்குப் போனபோது பெரிய பாக்கெட்டாக வாங்கி வந்து வைத்தார். அம்மாவுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன்களில் அதுதான் பெரியது.

திருவிழாவன்று தொரைக்கு மாலை போட்டு இழுத்து வந்தார்கள். பெரியப்பா பளிச்சென்ற வெள்ளை வேட்டியில், உறவுக்காரர்களை இரண்டு வேன் நிறைய அழைத்து வந்திருந்தார். நான் கூட்டத்தின் முன்னால், தொரையின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், பலா இலையோடு நின்றேன். முதல் செம்பு ஊற்றியபோது உறுமி உச்சத்தில் இருந்தது. தொரையின் முதுகுத் தோல் ஒருமுறை துடித்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது செம்பு, பிறகு ஒரு குடம், பிறகு காதில் ஊதிப் பார்த்தார்கள். அது என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. உறுமி ஓய்ந்தது. வேண்டிக்கொண்டவர் பக்கம் ஏதோ குறை இருக்கிறது என்று கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. வழக்கப்படி பெரியப்பா சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, தெரியாமல் செய்த பிழை ஏதும் இருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி எல்லார் காதிலும் விழச் சொன்னார். மறுபடி ஊற்றினார்கள். தொரை நின்றது. அந்த வேட்டியில் அப்பியிருந்த சேற்றை இன்று நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது.

அப்போது பூசாரி அப்பாவின் பக்கம் திரும்பி, "ஆடு ஒன்னோடதுதானே. மனசோட குடுத்தியாப்பா?" என்று கேட்டார்.

அப்பா அண்ணனைப் பார்த்தார். பிறகு, முதல் தடவையாக, என்னைப் பார்த்தார். "கேட்டாரு. குடுத்தேன்" என்றார்.

பூசாரி கயிற்றை அவிழ்த்துவிட்டார். "நன்றி கெட்டவன்" என்று அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போன பெரியப்பா அதன்பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அப்பாவுக்கு அது சாகும்வரை வலித்தது. எங்கள் கோழிகளும் பலாப்பழங்களும் எங்கள் வீட்டிலேயே தங்கின. சாமி விட்ட கிடாய் என்று தொரைமேல் யாரும் கை வைக்கவில்லை. தாடி நரைத்து, பல் கொட்டி, எங்கள் வீட்டுப் பின்புறத்திலேயே செத்தது.

இப்போது அங்கே லயம் இல்லை, வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. முனியாண்டியைச் சாலையோரத்துக்கு நகர்த்தி ஓடு பதித்த கோயில் கட்டியிருக்கிறார்கள். கிடாய் வெட்டுவதை நிறுத்திப் பல வருடங்களாகின்றன, பூசணிக்காய்தான் உடைக்கிறார்கள். தண்ணீர் ஊற்றிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த அந்தக் கூட்டம் இனி எங்கும் கூடப் போவதில்லை. பெரியப்பாவின் லாரிகளும் ஒவ்வொன்றாகக் கைமாறிவிட்டன. கணக்குப் பார்க்கத் தெரியாத மகன்களால் போன தொழில் அது, ஆனால் ஐயாவின் கோபம் என்றே அவர் நம்புகிறார். நான் திருத்தவில்லை.

ஜெலாப்பாங்கில் மகன் வீட்டின் பின்னறையில் படுக்கையில் இருக்கிறார். கண் தெரிவதில்லை, படித்துக்காட்ட ஆளும் இல்லை, அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். தீபாவளிக்குத் தீபாவளி போய்ப் பார்ப்பேன். போன முறை இட்டிலியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அன்னிக்கு ஐயா ஏம்மா உத்தரவு குடுக்கல? நான் அப்படி என்னதான் தப்பு செஞ்சேன்?"

இதே கேள்வியை அப்பா உயிரோடு இருந்தபோது அப்பாவிடம் வந்து கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அப்பா அழுதுகொண்டே அண்ணனைக் கட்டிப்பிடித்திருப்பார், நானும் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

"தெரியலே பெரியப்பா" என்றேன். அவர் வாயைத் துடைத்துவிட்டு, அடுத்த துண்டைப் பிட்டேன்.