வெள்ளைத்துரை அண்ணனின் ஒரிஜினல்

செருப்புக் கடையில் வேலை பார்க்கிறவன் தன் காலைக் கவனிக்க மாட்டான். என் செருப்பில் வார் அறுந்து மாதக்கணக்காகிறது. சிவகாசியில் எங்கள் கடையில் எனக்கு சீனியரான வெள்ளைத்துரை அண்ணன் மட்டும் வேறு ரகம். முதல் போனஸில் வாங்கிய வெள்ளைக் கேன்வாஸ் ஷூவை அட்டைப்பெட்டியோடு பீரோவில் வைத்திருந்தார். அந்த மாடலைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. வைத்த இடத்திலேயே அடிப்பாகம் விட்டுப்போனதும் பஸ் ஸ்டாண்டு பக்கம் தைக்கிறவரிடம் கொடுத்துப் பச்சை நூலால் தைத்து வாங்கினார். கல்யாண வீட்டுக்குக்கூடப் போட மாட்டார். பிறகு எதற்கு அது என்று கேட்டால், "ஒனக்கு வெளங்காதுலே" என்பார்.

போன வருடம் கம்பெனி அதே மாடலை மறுபடியும் இறக்கியது. லோடு வந்த அன்று அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி பெட்டிகளை அடுக்கினார்.

"அம்புட்டுப் பயலும் இதையே மாட்டிட்டுத் திரிஞ்சா, என் ஷூவுக்கு என்னலே மருவாதி?"

"ரெண்டும் ஒண்ணுதான அண்ணே" என்று சீண்டினேன்.

"ஒண்ணா? கயிறு கோக்குற வளையத்தப் பாருலே. என்னோடது பித்தளை, இது வெறும் பெயிண்டு. கண்ணக் கட்டி விட்டாலும் தடவியே சொல்லிப்புடுவேன்."

வாடிக்கையாளர் முன்னாலேயே இப்படிப் பேசி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். நானும் விட மாட்டேன். பொழுது போகாவிட்டால், "ரெண்டும் ஒண்ணுதான அண்ணே" என்று ஆரம்பிப்பேன்.

அவர் மகன் முனியராஜ் கல்லூரியில் படித்தான். ஊரே வாங்குகிறது, இவனும் புதுசைக் கேட்பான் என்று அண்ணன் எதிர்பார்த்தார். அவனோ, "புதுச எங்க கிளாஸ்ல பாதிப் பேரு போட்டிருக்கான்ப்பா. ஒங்க பழசத் தாங்க. அதுதான் கெத்து" என்றானாம். இதை என்னிடம் சொல்லும்போது அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஷூவைப் பெட்டியோடு கொடுத்துவிட்டார். முனியராஜ் அதைத்தான் தினமும் போட்டான்.

தீபாவளி சீசனில், கல்லூரி லீவு நாட்களில், அவன் எம். புதுப்பட்டி பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போனான். அண்ணன் வேண்டாம் என்றுதான் சொன்னார். கேட்கிற வயதா? வெடிமருந்து அறைக்குள் காலில் எதுவும் போட்டுக்கொண்டு போகக்கூடாது. தள்ளியிருக்கும் வேப்பமரத்தடியில் கழற்றி விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போவார்கள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கடைக்குப் போன் வந்தது. அண்ணனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். அறைகள் இருந்த இடத்தில் புகையும் கல்லும்தான். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போன உடல்களில் எதையும் முகம் பார்த்து அடையாளம் சொல்ல முடியவில்லையாம். மரத்தடியில் செருப்புகள் மட்டும் விட்டது விட்டபடி கிடந்தன. சனம் அவற்றைப் பார்த்துத்தான் யார் உள்ளே இருந்தது என்று தெரிந்துகொண்டு கதறியது.

அண்ணன் மனைவி செல்வலட்சுமி மதினி எங்களுக்கு முன்பே வந்துவிட்டார். ஒரு ஜோடி வெள்ளைக் கேன்வாஸ் ஷூவின் முன்னால், தொடப் பயந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, ஒங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமே. இது பழசா புதுசான்னு பாத்துச் சொல்லுங்க."

அண்ணன் ஒன்றை எடுத்தார். அடிப்பாகத்தைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் நின்ற நான் பச்சை நூலைப் பார்த்துவிட்டேன். அவர் கட்டைவிரல், கயிறு கோக்கும் வளையங்களை ஒவ்வொன்றாகத் தடவியது.

"புதுசுதான் புள்ள" என்றார். "ஊரு பூராம் இதத்தான போட்டுட்டுத் திரியுறானுக. எவன் ஷூவோ."

மதினிக்கு நம்பிக்கை வரவில்லை. அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, நீதான எப்பவும் சொல்லுவ? ரெண்டும் ஒண்ணுதான? சொல்லுலே."

மதினி என் வாயையே பார்த்தார்.

"ஒண்ணுதான் அண்ணே. வித்தியாசமே தெரியாது."

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகனுக்கு மறுபடியும் போன் போட்டார். வேறு யாரோ பெற்ற பிள்ளையின் ஷூ என்றால், எடுத்த இடத்தில் திருப்பி வைத்திருக்க வேண்டும். அண்ணன் வைக்கவில்லை.