சரக்குப் பெட்டியில் ஒரு கைது

எழுபதுகளின் கடைசியில் போடி ரயில் நிலையத்தில் நான் ரயில்வே போலீஸ்காரனாக இருந்தேன். மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய் மூட்டைகளைச் சரக்குப் பெட்டியில் ஏற்றி, மதுரை வண்டியின் கடைசியில் கோத்து அனுப்புவார்கள். மூட்டையைக் கிழித்து யாரும் ஏலக்காயை உருவாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

ஒரு மத்தியானம், வண்டி கிளம்பும் நேரத்தில், பெட்டிக்குள் ஏதோ அசைந்தது. ஏறிப் பார்த்தேன். மூட்டைகளுக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். “எந்திரி தாயி” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் தாழ் போட்டு முத்திரையும் வைத்துவிட்டார்கள். நான் கத்தியது எஞ்சின் ஊதலில் அமுங்கிப்போனது. வண்டி நகர்ந்தது.

பாயசத்தில் மணக்கிற ஏலக்காய் அங்கே நெஞ்சை அடைத்தது. இரும்புக் கூரை கொதித்தது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கதவிடுக்கில் வாயை வைத்து மூச்சு வாங்கினேன். அவள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

“உனக்குப் பயமா இல்லையா?” என்றேன்.

“வெளிய தாப்பா போட்டு இருந்து பழகிப்போச்சுண்ணே.”

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். போடிமெட்டுக்கு மேலே கொழுந்தன்மாரின் ஏலத்தோட்டம். புருஷன் இறந்த பிறகு அவன் பங்கு கைவிட்டுப் போய்விடும் என்று அவளை மலையை விட்டு இறங்கவே விடவில்லை. பகலெல்லாம் காய் உலர்த்தும் வேலை. பொழுது சாய்ந்தால் அறைக்குள் வைத்துப் பூட்டு. அன்று காலை லோடு ஜீப்பில் மூட்டைகளுக்கு அடியில் படுத்து இறங்கியிருக்கிறாள். மதுரையில் அக்கா இருந்தாள்.

தேனியில் வண்டி நின்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு லத்தியால் கதவை இடித்தேன். ஒரு போர்ட்டர் முத்திரையை உடைத்துத் திறந்தார். வெளிச்சத்தில் கண் கூசியது. பிளாட்பாரத்தில் இரண்டு பேர் வண்டியின் ஜன்னல்களில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். கொழுந்தன்மார். போடியில் தேடிவிட்டு ஜீப்பில் முந்தி வந்திருந்தார்கள்.

“நம்ம வீட்டுப் பொம்பள, ஏட்டய்யா. கோவிச்சுக்கிட்டு வந்துட்டா. எறக்கி விடுங்க, கூட்டிட்டுப் போறோம்” என்றார் இருவரில் பெரியவர்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “கேசு போடுங்கண்ணே” என்றாள் மெதுவாக. “என்னையப் பிடிச்சுக்கிட்டே மதுரைக்குப் போங்க.”

டிக்கெட் இல்லாமல் சரக்குப் பெட்டியில் ஏறியது குற்றம்தான். “இந்தம்மா மேல கேசு இருக்கு. கோர்ட்டுல வந்து பேசிக்கங்க” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

“நீ போடிக்குத்தான திரும்பி வரணும்” என்றார் பெரியவர்.

மதுரையில் மாஜிஸ்திரேட் எச்சரித்து விட்டுவிட்டார். அக்கா வந்து கூட்டிப்போனாள்.

நான் போடிக்குத் திரும்பினேன். ஸ்டேஷன் வாசலில் கொழுந்தன்மாரின் ஜீப் நின்றது. மறுநாளும் நின்றது. ஸ்டேஷன் வேலிக்குள் நான் போலீஸ்; வேலியைத் தாண்டினால் தேவாரம் ஊரில் நிலம் உழும் சம்சாரியின் மகன், அவ்வளவுதான். ஸ்டேஷனிலேயே தங்கிக்கொண்டு, கடைக்குப் போவதையும் நிறுத்தினேன். கூட வேலை பார்த்தவர்தான் அரிசியும் காய்கறியும் வாங்கி வந்து கொடுத்தார். சாயங்காலம் தண்டவாளம் முடிகிற இடம் வரை நடப்பேன், திரும்புவேன். மனைவி பிரசவத்துக்காகப் பக்கத்து ஊரான சிலமலையில், தாய்வீட்டில் இருந்தாள். மகள் பிறந்த சேதியை மாமனார் ஸ்டேஷனுக்கு வந்து சொன்னார்.

“வாங்க மாப்ளே, நான் கூட இருக்கேன்ல. பிள்ளைய ஒரு எட்டுப் பாத்துட்டு வெரசா வந்துரலாம்.”

வாசலைப் பார்த்தேன். “சோலி கிடக்கு மாமா” என்றேன்.

கொழுந்தன்மார் என்னை ஒருநாளும் தொடவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை. நின்றார்கள், அவ்வளவுதான். மாற்றல் கேட்டு எழுதிப் போட்டேன். வர மாதங்கள் ஆயின. அதற்குள் மாமனாரே ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்துக்கு வந்தார். துணியை விலக்கி முகத்தைக் காட்டினார். வெயில் பட்டதும் அவள் முகத்தைச் சுளித்து அழ ஆரம்பித்தாள். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.