எட்டாம் நாளுக்கு ஒரு காலா மீன்

காலை ஒன்பது பத்துக்கு மகளின் கைபேசிக்கு அழைத்தேன். அது அவளுடைய அறைக்குள், தலையணைக்கு அடியில் கிடந்து பாடியது.

அதுவரை எனக்குக் கோபம் மட்டுந்தான் இருந்தது. விடிய ஐந்தரைக்கே தன் அப்பாவின் மோட்டார் சைக்கிளையும் தூண்டிலையும் எடுத்துக்கொண்டு பாலத்தடிக்குப் போனவள், எட்டு மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். இருபது வயது. கம்பஸில் இரண்டாம் வருடம். நீந்தத் தெரியும் என்பாள். கோயில் கேணியில் நாலு தரம் கையைக் காலை அடித்ததை நான் நீச்சலென்று ஏற்றுக்கொண்டதில்லை. வெளியே சோளகக் காற்று பனையோலைகளைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தது. தலையணையைத் தூக்கி அந்தக் கைபேசியைக் கையில் எடுத்தபோது கோபம் போய், அந்த இடத்தில் பயம் வந்திருந்தது.

அன்று என் கணவருக்கு எட்டுச்செலவு. எங்கள் பக்கத்தில் செத்த வீட்டில் ஏழு நாளும் மரக்கறிதான். எட்டாம் நாள், போனவர் விரும்பித் தின்றது எல்லாவற்றையும் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைப்போம். மீன் வரும், இறைச்சி வரும், ஆளைப் பொறுத்துப் போத்தலும் வரும். என் கணவர் குடிக்கமாட்டார். அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் காலா மீன்.

கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த மனிதர். சனி, ஞாயிறு வந்தால் இரண்டு தீவுக்கும் நடுவிலுள்ள நீளப் பாலத்தில் தூண்டிலோடு போய் நிற்பார். இறாலை உயிரோடு கொளுவி எறிந்துவிட்டு, காலா வரும் என்று காத்திருப்பார். ஆங்கிலத்தில் இதற்கு இந்தியன் சமன் என்று பெயர், பெரிய நாடுகளில் இதைப் பிடிக்க ஆட்கள் விடுமுறை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று எனக்கு விளக்குவார். சமன் என்றால் எங்களுக்குக் கடையில் ரின்னில் வருவதுதான். அதைத் திறக்க விடுமுறை தேவையில்லை என்று நான் சொல்வேன். பதினொரு வருடத்தில் அவர் பிடித்த காலா மொத்தம் நாலு. மற்ற நாட்களில் வெறுங்கையோடு வந்து, நழுவிப்போனதன் நீளத்தைக் கையை விரித்துக் காட்டுவார். அதை நம்பியது மகள் ஒருத்திதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு முப்பத்தைந்துக்குத் தேத்தண்ணி கேட்டார். கொண்டுபோனேன். கதிரையில் இருந்தார், ஆனால் ஆள் இல்லை. மாரடைப்பென்று வைத்தியர் எழுதினார். எனக்கு இன்றைக்கும் அந்தத் தேத்தண்ணியை எங்கே வைத்தேன் என்று தெரியாது. அடுத்த நாள் வீட்டைக் கூட்டியவர்களுக்கும் கோப்பை அகப்படவில்லை.

இனி நடந்தவற்றைச் சொல்கிறேன். நான் விஞ்ஞானம் படிப்பிப்பவள். பொருந்தி வருவதைத்தான் மனிதர் ஞாபகம் வைப்பார்கள், பொருந்தாத ஆயிரத்தை ஒருவரும் எண்ணுவதில்லை என்று பத்தாம் வகுப்புக்கு வருடாவருடம் சொல்லி வருகிறேன். அதைச் சொன்ன வாயாலேயே இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவரைச் சுடலைக்குக் கொண்டுபோன நாளன்று அந்தப் பாலத்தடியில் காலா வந்தது. ஒன்றிரண்டல்ல. கட்டுமரக்காரர், வலைக்காரர், பள்ளிக்கூடத்துக்குப் போன பெடியள் எல்லோரும் அள்ளினார்கள். ஊர்வலத்துக்குப் பிந்தி வந்த ஒருவர் சைக்கிள் கரியரில் இரண்டு காலாவைக் கட்டிக்கொண்டே வந்து, படலைக்கு வெளியே சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்து அழுதார். ஊர் முழுக்க அந்தக் கிழமை காலாக் குழம்பு மணத்தது. எங்கள் வீட்டில் கத்தரிக்காய்.

மூன்றாம் நாள் குசினிக்குள் ஒரு நண்டு நின்றது. எங்கள் வீட்டிலிருந்து கடல் ஒன்றரை மைல். மழையும் இல்லை. ஐந்தாம் நாள் கொழும்பிலிருந்து அவர் பெயருக்குப் பொதி ஒன்று வந்தது. உள்ளே புதுத் தூண்டில் முள்ளுகள். கொண்டுவந்தவர் நேரத்தைக் குறிக்கச் சொன்னார். மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலு முப்பத்தைந்து.

என் மச்சாள், அதாவது அவருடைய அக்கா, இவை எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

“அவன்தான் வந்து போறான்.”

“நண்டாயோ மச்சாள்?”

“நீர் சிரியும். படிச்ச ஆக்களுக்கு எல்லாம் சிரிப்பு.”

“இருக்கேக்கை ஒரு நாளாவது சொன்ன நேரத்துக்கு வீட்டை வந்தவரோ? இப்ப மட்டும் நிமிசம் பிசகாமல் வாறாராம்.”

மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். அழுகிறாரென்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாளுக்கு முதல் நாள் சந்தையில் காலா இல்லை. ஒரு கிழமையாகக் கொட்டிக்கிடந்த மீன், ஒரே நாளில் போய்விட்டது. இறுப்பிட்டிப் பக்கம் கேட்டுப் பார்த்தோம், மடத்துவெளியில் கேட்டோம். விளைமீன் இருக்கிறது, பாரை இருக்கிறது, காலா மட்டும் இல்லை. பாரையைப் படைப்போம் என்றேன். மகள் அந்த ஏழு நாளும் அழவில்லை. அப்போதும் அழவில்லை.

“பதினொரு வருசம் அதுக்காகவே நிண்ட மனிசனுக்குப் பாரையோ? நான் பிடிச்சுக்கொண்டு வாறன்” என்றாள்.

நான் மறித்திருக்க வேண்டும். மறிக்கவில்லை. அவருடைய மோட்டார் சைக்கிள் பத்துத் தரம் உதைக்காமல் யாருக்கும் எழும்பாது. மறுநாள் விடிய அவளுக்கு முதல் உதையிலேயே எழும்பியது. “பாத்தீரோ, தம்பி தள்ளி விடுறான்” என்றார் மச்சாள். போக விடாமல் மறித்தால் இன்னும் நல்லம் என்று நான் முணுமுணுத்தேன்.

ஆகவே ஒன்பது பத்துக்கு நான் மகளின் கைபேசியோடு நின்றேன். ஒன்பதே காலுக்கு முன்னறையில் இன்னொரு கைபேசி அடித்தது. அவருடையது.

அதை அவருடைய படத்துக்குக் கீழே, குத்துவிளக்குக்குப் பக்கத்தில், மூக்குக் கண்ணாடியோடு ஒரு முக்காலியில் வைத்திருந்தோம். தினமும் அதற்கு மின்னேற்றிக்கொண்டிருந்தவள் மகள். ஏனென்று நான் கேட்டதில்லை. தெரியாத இலக்கமொன்று திரையில் மினுங்கியது. மச்சாள் குசினி வாசலில் அகப்பையோடு உறைந்து நின்றார்.

“தொடாதையும்” என்றார்.

மச்சாளின் சொல்லுக்காக நான் தொடாமல் இருக்கவில்லை. எட்டு நாளாக அந்தக் கைபேசியை எடுத்து எடுத்து, விசயம் தெரியாத ஆட்களுக்கு அவர் இல்லை என்று சொல்லிச் சொல்லி என் நாக்கு மரத்துப்போயிருந்தது. ஒருவர் “எப்ப வருவார்?” என்று கேட்டார். அன்று காலை, மகள் வராத நேரத்தில், அதை இன்னொரு தரம் சொல்ல எனக்கு ஏலாமல் இருந்தது. அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது. ஓய்ந்தது. மூன்றாம் தரமும் அடித்தது. அடித்து முடியும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். ஒருத்தி பேய்க்குப் பயந்து, மற்றவள் “எப்ப வருவார்” என்ற கேள்விக்குப் பயந்து.

நாலாம் தரம் எடுத்தேன். காற்று. தண்ணீர் எதிலோ மோதுகிற சத்தம். பிறகு ஒரு ஆணின் குரல்:

“அலோ, உங்கடை பிள்ளை…”

அவ்வளவுதான். அறுந்துவிட்டது. திரும்ப அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். அந்தக் கைபேசி அணைந்திருந்தது.

பிள்ளை என்ன? பிள்ளை எங்கே? அந்த வசனத்தை எப்படியெல்லாம் முடிக்கலாம் என்று ஒரு நிமிடத்துக்குள் எனக்குள் எத்தனையோ வந்துபோயின. எல்லாம் ஒரே மாதிரித்தான் முடிந்தன. செருப்பைத் தேடினேன்.

“எட்டு முடியாமல் நீர் படலை தாண்டக்கூடாது” என்றார் மச்சாள். கணவனை இழந்தவள் அந்த நாட்களில் தெருவுக்கு வரக்கூடாது என்பது எங்கள் முறை.

“பிள்ளை கடலிலை மச்சாள்.”

மச்சாள் குசினிக்குள் ஓடினார். அடுப்பை நூர்த்தார். அகப்பையைக் கீழே வைக்கவும் மறந்து என்னையும் முந்திக்கொண்டு தெருவுக்கு ஓடி, வந்த ஓட்டோவின் குறுக்கே கையை நீட்டினார். நான் ஏறினேன். அவரும் ஏறினார். ஓட்டோக்காரர் கண்ணாடியில் என் வெள்ளைச் சேலையைப் பார்த்துவிட்டு ஓட்டோவை முடுக்கினார்.

பாலத்தின் நடுவில் மோட்டார் சைக்கிள் தனியே நின்றது. பாலத்தின் ஓரக் கட்டின்மேல் அவளுடைய செருப்பு, ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஒழுங்காக. இறால் வாளி. தூண்டில் இல்லை. ஆள் இல்லை. அடியில் தண்ணீர் பாலத்துக் கண்களுக்குள்ளால் இழுத்துக்கொண்டு ஓடியது. பார்க்கக் கூடாதென்று நினைத்துக்கொண்டே அதையே பார்த்தேன். செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்தது என்னை உலுப்பியது. வீட்டில் ஒரு நாளும் அப்படி வைக்கமாட்டாள்.

தூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டோம். விடிய ஒரு பிள்ளை நின்றதைக் கண்டார்களாம். பிறகு காணவில்லையாம். ஓட்டோக்காரர் பொலிசுக்கு எடுக்கட்டோ என்று கேட்டார். 

மச்சாள் கட்டைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து, கையிலிருந்த அகப்பையை நீட்டி, சண்டைக்காரி மாதிரிப் பேசினார்.

“டேய், உனக்கு மீன்தானே வேணும். மீனைத் தின். பிள்ளையிலை கை வைச்சியெண்டால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் இல்லை, ஒண்டும் இல்லை. கேக்குதோ?”

வேறொரு நாளென்றால் நான் சிரித்திருப்பேன். அன்று, கேட்கட்டும் என்று நானும் நினைத்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்னை மன்னிக்கட்டும்.

எவ்வளவு நேரம் நின்றோமென்று தெரியாது. பிறகு எஞ்சின் சத்தம் கேட்டது. மடத்துவெளிப் பக்கமிருந்து ஒரு சின்னப் படகு, காற்றுக்கு எதிரே துள்ளித் துள்ளி வந்தது. முன்னால் நீல நிறத் தறப்பாளைப் போர்த்துக்கொண்டு யாரோ குந்தியிருந்தார்கள். தலைமயிர் முகத்தில் ஒட்டிக் கிடந்தது. மச்சாள்தான் முதலில் அடையாளங்கண்டார். நாங்கள் பாலத்தடிக்கு ஓடி இறங்கினோம்.

படகுக்காரர் என் பழைய மாணவி ஒருத்தியின் தகப்பன். கயிற்றைக் கல்லில் சுற்றியபடியே சொன்னார்:

“மீன் கொளுவி, தங்கூசி நூல் தூணிலை சுத்திப்போட்டுதாம் ரீச்சர். எடுக்கவெண்டு இறங்கினவ. நீரோட்டம் இழுத்திட்டுது.”

“நீங்கள் கண்டனீங்களோ?”

“எங்கை கண்டது. நான் அந்தப் பக்கத்தாலை போறதில்லை. பாலத்துக்குக் கிட்ட வரேக்கை இஞ்சின் நிண்டிட்டுது. ஓட்டம் படகைக் கொண்டுபோச்சுது. நான் குனிஞ்சு கயித்தை இழுக்கிறன், விளிம்பிலை ஒரு கை.”

“எண்ணெய் முடிஞ்சிருக்கும்.”

“முக்கால் ராங்கிக்குக் கிடக்குது.”

“பிளக்கிலை தண்ணி பட்டிருக்கும்.”

“கழட்டித் துடைச்சுப் போட்டனான். பேந்தும் ஒரு மணித்தியாலம் அசையேல்லை. காத்து எங்களைத் தள்ளிக்கொண்டு போச்சுது. என்ரை போனிலை சார்ஜும் இல்லை. பிள்ளைக்குப் பாடமாத் தெரிஞ்சது தேப்பன்ரை நம்பர் ஒண்டுதான். நாலாந்தரம் ஆரோ எடுக்க, போன் செத்துப்போச்சுது.” ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தார். “அது செத்த கையோடை சும்மா ஒருக்கா இழுத்தன். ஒரே இழுவையிலை வந்திட்டுது. புது இஞ்சின், ரீச்சர். வாங்கி ரெண்டு மாசம். ஒருநாளும் இப்பிடி நிண்டதில்லை.”

எரிபொருள் குழாயில் காற்று நுழைந்திருக்கலாம் என்றேன். இருக்கலாம் என்றார், என்மேல் இரக்கப்பட்டு. எரிபொருள் வடிகட்டி அடைத்திருக்கலாம் என்றேன். அதற்கும் இருக்கலாம் என்றார். அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தபோதுதான், மகள் என் முன்னால் ஈரம் சொட்ட நிற்பதையும், நான் இன்னும் அவளைத் தொடவில்லை என்பதையும் கவனித்தேன்.

நண்டுக்கும் பொதிக்கும் என்னிடம் பகிடி இருக்கிறது. அந்த எஞ்சினுக்கு மட்டும் இன்றுவரை எதுவும் அகப்படவில்லை. இரவில் அல்ல, வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டு நிற்கையில் அது ஞாபகம் வருகிறது. சோக்கட்டி அப்படியே நின்றுவிடுகிறது.

மச்சாள் அவளைத் தறப்பாளோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அதே நேரம் அகப்பையால் முதுகில் அடித்துக்கொண்டும் நின்றார். நான் அவளுடைய கைகளைப் பிடித்து விரித்துப் பார்த்தேன். தங்கூசி இரண்டு உள்ளங்கையையும் வெட்டியிருந்தது. உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த வெட்டுகள்.  நான் அழத் தொடங்கினேன். அதைப் பார்த்து அவளும், எட்டு நாளுக்குப் பிறகு, அழுதாள். மூக்கைத் தறப்பாளில் துடைத்தாள். பிறகு படகின் அடியில் கிடந்த மீன் கூடையை எட்டிப் பார்த்தாள்.

“சூடை மீன்தான் கிடக்குது. அதையே வாங்கிக்கொண்டு போவம், அம்மா. காலாதான் வேணுமெண்டு அவரென்ன, எழும்பி வந்து கேக்கப் போறாரே?”