நாலு டொய்லட் உள்ள படகு

போன செவ்வாய்க்கிழமை வெள்ளவத்தைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு பெண் வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கதானே பேப்பரில எழுதுற அன்ரி?"

ஓம் என்றேன். இந்தக் கேள்விக்குப் பிறகு பாராட்டு வரும், அல்லது சண்டை வரும். இரண்டுக்கும் தயாராக நின்றேன்.

"நீங்க திருகோணமலையில போட் எடுத்துப் போனதெண்டு எழுதியிருந்தீங்க. நாங்களும் குடும்பமாப் போகப்போறம். கட்டமரான் நல்லதா, செயில்போட் நல்லதா அன்ரி?"

எவ்வளவு சின்னக் கேள்வி. பஸ் கட்டணத்திலிருந்து பாராளுமன்றம் வரை எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் சொல்கிற ஆள் நான். அன்றைக்கு மட்டும் "எழுதுறன் பிள்ளை" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்துவிட்டேன். வந்த பிறகுதான் தெரிந்தது, கத்தரிக்காயை அங்கேயே விட்டுவிட்டேன்.

சரி... எழுதுகிறேன்.

என் மகள் அபிக்கு மெல்பேர்ன் போக விசா வந்தது உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்தியில் அதைப் பற்றிப் பெருமையாகவே எழுதினேன். எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. விசா வந்த நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சமையலறைத் தட்டுகளை இறக்கி மறுபடி அடுக்கினேன். சுத்தமாக இருந்த ஜன்னல்களைத் துடைத்தேன். அலுமாரியை ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு இழுத்தேன். மறுநாள் திரும்ப இழுத்தேன்.

"இஞ்சேரும், அந்த அலுமாரி என்ன பாவம் செய்தது?" என்று கேட்டார் என் கணவர்.

அந்த நேரத்தில்தான் அபி படகுக் கதையைத் தொடங்கினாள். போவதற்கு முன்னால் தன் செலவில் எங்களை எங்காவது கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம். வழக்கமான நுவரெலியா மலை வேண்டாமாம். எங்கள் ஃபிளாட் மரைன் டிரைவ் பக்கம். பல்கனியில் நின்றால் கடல், கீழே ரயில் பாதை.

"பிறந்ததிலயிருந்து இந்தக் கடலைப் பாத்துக்கொண்டு இருக்கிறன் அம்மா. ஒருநாளும் அதுக்குள்ள போனதில்லை. ரெண்டு நாள் கடலில இருப்பம்."

போனில் படங்கள் காட்டினாள். இரண்டே வகை. கட்டமரான் என்பது இரண்டு நீளமான உடல்கள், நடுவில் ஒரு ஹோல், நாலு அறை, எட்டுப் பேர் படுக்கலாம். மேசையில் தேத்தண்ணியை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். செயில்போட் என்பது ஒற்றை உடல். காற்றடித்தால் ஒரு பக்கம் சாயும். இரண்டு அறை, நாலு பேர், பின்பக்கம் எல்லோரும் முழங்கால் இடிக்க உட்கார ஒரு சின்ன இடம்.

என் கணவர் உடனே கட்டமரான் கட்சி. கண்டி ரோட்டு வளைவிலேயே பொலித்தீன் பை தேடுகிற மனிதர், சாய்கிற படகில் ஏறுவாரா? "கட்டமரான் எங்கட தமிழன் கண்டுபிடிச்சது" என்று வேறு ஒரு காரணம். அந்த வசனத்தை அந்த வாரம் போன வீடெல்லாம் சொன்னார்.

நான் செயில்போட் கட்சி. காற்று, பாய், உண்மையான அனுபவம் என்று நிறையக் காரணம் சொன்னேன். ஒன்றும் உண்மையில்லை. அதில் நாலு பேருக்குத்தான் இடம் – அது ஒன்றுதான் காரணம்.

எங்கள் குடும்ப வழக்கம் உங்களுக்கும் இருக்கும். ஒரு பயணம் போகிறோம் என்று சொன்னால் அதுவே அழைப்பு. 'வாறீங்களோ' என்று யாரும் கேட்பதில்லை, 'வாடகை வானில இடமிருக்கோ' என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நானும் கணவரும் பிள்ளையும் மட்டும் எங்காவது போயிருக்கிறோமா? யோசித்துப் பார்த்தேன். பல்வைத்தியரிடம் போயிருக்கிறோம்.

எனக்கு இரண்டு நாள் வேண்டும். என் பிள்ளை, எனக்கு மட்டும், இரண்டு நாள். அது பேராசையா?

ஆனால் அபி ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போய், தன் மாமியிடம், அதாவது என் கணவரின் அக்காவிடம், விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அந்த ராணி மச்சாளிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. அன்றைக்கு மத்தியானமே எனக்கு மச்சாளின் போன் வந்தது.

"வானோ, போட்டோ, எனக்கு ஒண்டுதான் தெரியவேணும். டொய்லட் இருக்கோ?"

"இன்னும் போட்டே முடிவாகேல்ல மச்சாள்."

"டொய்லட்டைப் பாத்து முடிவெடுங்கோ. என்ர மகனும் மருமகளும் லீவு கேட்டாச்சு."

பிறகு பாமன்கடைப் பக்கமிருந்து என் சித்தி, தானும் வருவதாகப் போன் எடுத்தார். மச்சாளின் பேத்திக்கு நீச்சல் உடுப்பு வாங்கியாயிற்று என்று குடும்பக் குரூப்பில் படம் வந்தது. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அலுமாரியைப் பார்த்தேன். அது பாவம், ஒன்றும் சொல்லாமல் நின்றது.

முடிவெடுக்க நானும் அபியும் கொள்ளுப்பிட்டியில் படகு வாடகைக்குக் கொடுக்கிறவர்களின் அலுவலகத்துக்குப் போனோம். நுவன் என்று ஒரு சிங்களத் தம்பி, நல்ல சிரிப்பு, கைவசம் கொஞ்சம் தமிழ்.

"கட்டமரான் எண்டா வீடு மாதிரி மிஸ். எல்லாருக்கும் ரூம் இருக்கு. செயில்போட் எண்டா ஓட்டோ மாதிரி. எல்லாரும் ஒட்டிக்கொண்டு."

மச்சாளின் கேள்வியைக் கேட்டேன். கடமைக்குத்தான்.

"செயில்போட்டில ஒண்டு. கட்டமரானில நாலு, ரூமுக்கு ஒண்டு. ஆனா வீட்டு டொய்லட் மாதிரி இல்ல மிஸ். கைப்பிடியப் பிடிச்சு பம்ப் பண்ணணும். டக் டக் எண்டு பெரிய சத்தம் வரும். பய வென்ன எப்பா."

பயப்பட வேண்டாமாம். நான் எதற்குப் பயந்துகொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியுமா? நான் செயில்போட் என்றேன். அபி கட்டமரான் என்றாள். நுவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போய்க் கதைச்சிட்டு கோல் பண்ணுங்க" என்றார்.

வீடு வரை காத்திருக்கவில்லை. ஓட்டோவிலேயே தொடங்கிவிட்டது. பம்பலப்பிட்டிச் சந்தியில் வாகனங்கள் அசையாமல் நின்றன.

"ஏனம்மா செயில்போட்டில இவ்வளவு பிடிவாதம்? காத்து, அனுபவம் எண்டெல்லாம் சொல்லாதைங்கோ. லிஃப்ட் கொஞ்சம் ஆடினாலே கடவுளைக் கூப்பிடுற ஆள் நீங்க."

"அதில நாலு பேருக்குத்தான் இடம்."

சொல்லிவிட்டேன்.

"அதுதான் அம்மா எனக்குப் பயம்."

"என்ன பயம்?"

"ரெண்டு நாளும் என்னையே பாத்துக்கொண்டு இருப்பீங்க. பிறகு கண் கலங்கும். அந்தச் சின்ன இடத்தில நான் எழும்பி எங்க போறது? கடலுக்க குதிக்கிறதோ?"

"நான் அழமாட்டன்."

"இப்பவே அழுறீங்க."

ஓட்டோக்காரர் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பிவிட்டுக்கொண்டார், எங்களைப் பார்க்காமல் இருக்கவா, நன்றாகப் பார்க்கவா தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. பெற்று வளர்த்த பிள்ளை, என்னோடு தனியாக இருக்கப் பயம் என்கிறாள். வெள்ளவத்தை வரும்வரை கடைப் பலகைகளையே வாசித்துக்கொண்டு வந்தேன். லிஃப்டில் ஏறும்போதுதான் மெல்ல விளங்கியது. அவள் எழுந்து போக இடமில்லை என்பதால்தானே நான் அந்தப் படகைக் கேட்டேன்? எழுந்து போக இடம் வேண்டும் என்பதால் அவள் மற்றதைக் கேட்கிறாள். இரண்டு பேரும் படகுகளைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறோம்.

அடுத்த நாள் நானே நுவனுக்குப் போன் எடுத்தேன். கட்டமரான் என்றேன். சந்தோஷத்தோடு சொன்னேன் என்று எழுத மாட்டேன்.

எட்டுப் பேர் திருகோணமலைக்குப் போனோம். ராணி மச்சாள் இடியப்பப் பெட்டி, சம்பல், தேசிக்காய், வாந்திக்குக் குளிசை, சுவாமிப் படம் எல்லாவற்றோடும் வந்தார். ஏறியவுடன் நாலு டொய்லட்டையும் திறந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்று சான்றிதழ் கொடுத்தார். படகு ஆடவில்லை. என் கணவர், இரண்டு உடலுக்கும் நடுவே கட்டியிருந்த முன்பக்க வலையில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, படகோட்டியிடம் தமிழன் கண்டுபிடிப்பைப் பற்றிச் சொன்னார். அவர் சிங்களவர், மரியாதைக்குத் தலையாட்டினார்.

அழமாட்டேன் என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். முதல் நாள் முழுக்க அபியைப் பார்க்காமலே இருந்தேன். கடலைப் பார்த்தேன், மலையைப் பார்த்தேன், பாய் ஏற்றுவதைப் பார்த்தேன். முன்னுக்குப் போனேன், பின்னுக்குப் போனேன். "இருங்கோவன் தங்கச்சி, போட் தன்ர பாட்டில போகும்" என்றார் மச்சாள். 

இரண்டாம் நாள் காலை, அபி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவுக்குச் சாயம் குறைத்து, மாமிக்குச் சீனி அள்ளிப் போட்டு, சித்திக்கு இஞ்சி தட்டிப் போட்டு. எனக்குச் சீனி இல்லாமல், சூடு பொறுக்காது என்று ஒருமுறை ஆற்றி. கோப்பையை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். 

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். இனி என் தேத்தண்ணியை யார் ஆற்றித் தரப்போகிறார்கள் என்ற ஒரு மடத்தனமான நினைப்பு வந்தது. ஆற்ற எனக்குக் கை இல்லையா? இருக்கிறது. ஆனாலும் ஒரு வாய் குடிக்கவில்லை.

கோப்பையோடு எழுந்தேன். எங்கே போவது? முன் வலையில் கணவரும் மச்சாளின் மகனும். ஹோலில் மச்சாளும் இடியப்பமும். பின்னால் சித்தி ஜெபமாலை மாதிரி போனை உருட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய படகில் ஓர் அம்மா அழுவதற்கு ஒரு மூலை இல்லை. நாலு டொய்லட் ஞாபகம் வந்தது. இடதுபக்கப் படியில் இறங்கி, யாரும் வராத கடைசி அறைக்குப் போனேன்.

டொய்லட் கதவு பூட்டியிருந்தது. உள்ளே பம்ப் சத்தம். டக், டக், டக். 

நின்றேன். சத்தம் நிற்கவில்லை. ஒரு மனிதருக்கு இவ்வளவு பம்ப் தேவையா? மச்சாளுக்கு வயிறு சரியில்லையோ என்று நினைத்தேன். மச்சாளின் குரல் மேலே கேட்டது. கதவைத் தட்டினேன்.

"ஆர் உள்ள?"

பம்ப் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. அபி. மூக்குச் சிவந்து, கண் வீங்கி, முகத்தில் அப்போதுதான் அடித்த தண்ணீர்.

"பம்ப் இறுகிப் போச்சு அம்மா."

"ஓம். கேட்டது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த இடுக்கில் இரண்டு பேர் நிற்க முடியாது. அவள் சுவரோடு ஒட்டி வழிவிட்டாள்.

"நீங்க போங்கோ. இப்ப நல்லா வேலை செய்யுது."

கோப்பையை அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். கதவைப் பூட்டினேன். கைப்பிடியைப் பிடித்து அடிக்கத் தொடங்கினேன். கை ஓயும்வரை அடித்தேன். வெளியே வந்தபோது அவள் அங்கேயே, படியில், என் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தாள். ஆறிப் போயிருந்தது. ஆளுக்குப் பாதி குடித்தோம்.

அபி போய் இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அலுமாரி இப்போது ஹோலுக்கு வந்துவிட்டது.

சந்தையில் கேட்ட அந்தப் பிள்ளைக்குப் பதில். உங்களோடு வருகிறவர்களில் யாராவது பிறகு பிளேன் ஏறப் போகிறார்களா? இல்லையென்றால் எந்தப் படகும் நல்லதுதான். போகிறார்கள் என்றால், படகுக்காரரிடம் பாயைப் பற்றியும் காற்றைப் பற்றியும் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம் – டொய்லட் எத்தனை என்று கேளுங்கள்.