மறைத்தது ஆபீசர் நம்பரை மட்டும்

எங்கள் ஹவுஸ் ஓனர் மாடியெல்லாம் ரூம் கட்டி கம்பெனி ஆட்களுக்கு விட்டிருக்கிறார். அந்த ரூம்களின் கக்கூஸ் தண்ணீரைத் தெரு வாய்க்காலில் திறந்துவிடுகிறார் என்று போன மாதம் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் மனு கொடுத்தேன். பேர் வெளியே போகாது என்றார்கள்.

இன்று காலை அதே மனுவின் ஜெராக்ஸோடு ஓனர் வாசலில் நிற்கிறார். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினாராம்.

"இன்னாக்கா, மூணாங்கிளாஸ் படிச்சிட்டு மனுவெல்லாம் எழுதறீங்க. மாசக் கடைசில வூட்டைக் காலி பண்ணிடுங்க."

ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன்.

"அடுத்தவங்க சொந்த விவரத்தை மறைச்சுதாம்மா குடுத்தோம்" என்றார் கிளார்க்.

மறைத்துத்தான் இருக்கிறது. மனுவை வாங்கிய ஆபீசரின் செல் நம்பர் மேல் கறுப்பு மை. என் பேர், கதவு நம்பர், செல் நம்பர் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது.

"குடுக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா சார்?"

"உங்கள எங்கம்மா தேடிப் புடிக்கிறது?"

"ஓனர் புடிச்சிட்டாரே சார்."

படப்பை, ஒரகடம் பக்கம் வாடகைக்கு வீடு இருந்தால் சொல்லுங்கள். என் நம்பர் தெரியாதவர்கள் அந்த ஆபீசில் கேளுங்கள், கேட்டால் கொடுப்பார்கள்.