புது டேங்க் போடலாமா, மூடலாமா?

பெட்ரோல் பங்க் மேனேஜர் வேலை என்பது, ஊரே அவசரமாகக் கிளம்பிப் போவதை நின்ற இடத்தில் நின்று பார்க்கிற வேலை. பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவே, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பங்க்கில் பதினெட்டு வருஷமாக நிற்கிறேன். முதல் ஆறு வருஷம் வெயிலில் வண்டிகளுக்கு பெட்ரோல் போட்டேன், அதன் பிறகு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். வாடை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

"வரப்போகிற காலம் எப்படியிருக்கும் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடு" என்று மேலே இருப்பவர் கேட்டு மாட்டிக்கொண்ட மேனேஜர்கள், சூப்பர்வைசர்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நானும் உங்கள் பெஞ்சுதான்.

முதலாளி மீட்டிங் போய் வந்தார்

எங்கள் முதலாளி வேலூர்க்காரர். மாதத்துக்கு இரண்டு தடவை வந்து டீ குடித்துவிட்டுப் போவார், தொந்தரவு கிடையாது. எண்ணெய் கம்பெனிக்காரர்கள் டீலர்களையெல்லாம் சென்னைக்குக் கூப்பிட்டு ஒரு மீட்டிங் போட்டார்கள். அங்கேதான் மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. கோட் போட்ட ஒருவர், உலகத்தில் இனி பெட்ரோல், டீசல் தேவை முன்னைப்போல ஏறாது, வெளிநாட்டில் பழைய சுத்திகரிப்பு ஆலைகளை மூடிக்கொண்டு வருகிறார்கள் என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறார். அவர் உட்கார்ந்ததும் இன்னொரு கோட் எழுந்து, நம் நாட்டில் தேவை இன்னும் கூடும், அதனால் ஆலைகளைப் பெரிதாக்குகிறோம் என்று வேறு படம் காட்டியிருக்கிறார். முதலாளி இரண்டு பேருக்கும் கை தட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

விஷயம் இதுதான். பூமிக்கடியில் இருக்கிற எங்கள் டீசல் டேங்க் பழசாகிவிட்டது, மாற்றியே ஆகவேண்டும். தோண்டிப் புதுசு போடுவது பெரிய செலவு. அதே சமயம் பிரியாணி ஹோட்டல்காரர் ஒருவர் பங்க் இருக்கிற இடத்தையே குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். 'மூடலாம்' என்று நான் எழுதினால் பன்னிரண்டு பேர் வேலை போகும், அதில் நானும் ஒருத்தி. 'போடலாம்' என்று எழுதி வியாபாரம் படுத்துவிட்டால் முதலாளி தலையில் துண்டுதான். இதை அவரிடமே சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கோடி கோடியா கொட்டி ஆலை கட்றவனுக்கே தெரியல, ஸ்டெல்லாம்மா. நமக்கு ஒரே ஒரு டேங்க்தான். மூணு மாசம் டைம் எடுத்துக்கோ, வர்றவங்கள பாத்துப் பேசி எழுதிக் குடு, போடலாமா, மூடலாமா?"

முதல் கேள்வி, முதல் அடி

சரி, வாடிக்கையாளரையே கேட்டுவிடலாம் என்று நோட்டும் பேனாவுமாக வெளியே வந்தேன். முதலில் கிடைத்தவர் குடியாத்தம் தறிக்காரர் ஒருவர், பைக்கின் பின்னால் லுங்கிக் கட்டு. எப்போதும் நூற்றிப் பத்து ரூபாய்க்குத்தான் போடுவார். நூறு என்று முழுசாகச் சொன்னால் பங்க்கில் ஏமாற்றிவிடுவார்கள் என்பது எங்கள் பக்கத்தில் பலருடைய அசைக்கமுடியாத நம்பிக்கை. பெட்ரோல் போட ஆரம்பிக்கிற நேரம் பார்த்து, "சார், பத்து வருஷம் கழிச்சும் பெட்ரோல் வண்டிதான் வெச்சிருப்பீங்களா?" என்று மிகப் பணிவாகக் கேட்டேன்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் செய்த தப்பு உடனே புரிந்திருக்கும். அந்த நேரத்தில் வாடிக்கையாளரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பதினெட்டு வருஷ அனுபவம் எங்கே போனதோ தெரியவில்லை. அவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வண்டியைவிட்டு இறங்கினார். "மீட்டர்ல ஜீரோ பாக்கவுடாம பேச்சு குடுக்கறீங்களா? இத்தினி நாளா பசங்கதான் பண்ணுவாங்கன்னு நெனச்சேன், மேனேஜரே வந்துட்டீங்களா!"

அன்வர் பாயின் பேரல்கள்

அன்வர் பாய் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலைக்குச் சாமான் வாங்கிப் போடுகிறவர். மின்வெட்டு வாட்டிய காலத்தில் அவர்தான் எங்கள் குலதெய்வம். ஜெனரேட்டருக்காக வாரம் தவறாமல் மினி லாரியில் பேரல்களை ஏற்றிக்கொண்டு டீசலுக்கு வருவார். இப்போது கரண்ட் ஒழுங்காக வருகிறது, தொழிற்சாலைக் கூரை முழுக்க சோலார் தகடு. பாய் தன் பைக்குக்கு மட்டும் போட்டுக்கொண்டு போகிறார். நோட்டில் 'பேரல்: இல்லை' என்று எழுதும்போது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

"அப்ப உங்களுக்கு எண்ணெயே வேணாமா பாய்?" என்று கேட்டேன். அவர் கால் ஷூவைக் கழற்றி என் மேஜை மேலேயே வைத்துவிட்டார். அடிப்பாகத்தைத் தட்டினார், பசை ஒட்டிய இடத்தைக் காட்டினார், தையல் நூலை நகத்தால் நெம்பினார். எல்லாமே கச்சா எண்ணெயிலிருந்து வருகிற சரக்காம். தோல் ஒன்றுதான் ஆட்டுடையது. இப்போதெல்லாம் தோலுக்குப் பதிலாகவும் அந்தச் சரக்கையே கேட்கிறார்களாம். ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டே சொன்னார்: "எண்ணெ எங்க கம்பெனிக்கு இப்பவும் வருது மேடம், முன்னவிட ஜாஸ்தியாவே வருது. உங்க பங்க் வழியா வர்றதில்ல, அவ்ளோதான்."

தக்காளி லாரி

டீசலுக்கு இன்றைக்கும் தவறாமல் வருபவர் ஆந்திராவிலிருந்து தக்காளி ஏற்றி வரும் டிரைவர். ஆம்பூர் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, திரும்பும்போது இங்கே முழு டேங்க் அடிப்பார். பார்டர் தாண்டினால் விலை வேறு. நோட்டில் அவர் பேருக்கு நேராக ஒரு நட்சத்திரம் போட்டு, எங்கள் கவனிப்பு பிடித்துத்தான் வருகிறாரோ என்ற ஆசையில் வாயைக் கொடுத்தேன். "எங்க ஊர்ல ரேட்டு ஜாஸ்தி, இங்க கம்மி. ரெண்டும் சமமாச்சுன்னா உங்க மொகத்த நான் எதுக்கும்மா பாக்கப்போறேன்?"

காற்றுக்கு மட்டும்

ஷேர் ஆட்டோ முருகன் முன்பெல்லாம் காலையில் முதல் போணி. லோன் போட்டு பேட்டரி ஆட்டோ வாங்கியதிலிருந்து இரண்டு நாளைக்கு ஒரு தடவை டயருக்குக் காற்றுப் பிடிக்க மட்டும் வருகிறார். காற்று இலவசம். பத்து வருஷமாகப் பெட்ரோல் போடும் எங்கள் செல்விக்கு இதைப் பார்த்தாலே எரியும். "வந்துட்டாருப்பா, காத்து கஸ்டமர்" என்று ஒருநாள் அவர் காதில் விழும்படியே சொல்லிவிட்டாள்.

முருகன் குழாயைச் சுருட்டி மாட்டிவிட்டு என் அறை வாசலுக்கு வந்தார். முகம் சுருங்கிப்போயிருந்தது. போன வருஷம் அவர் மனைவியை வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, இதே செல்விதான் கேன் தூக்கிக்கொண்டு ஓடி, வழியில் நின்றுபோன ஆட்டோவுக்குப் பெட்ரோல் ஊற்றிவிட்டு வந்தாள். அதை இரண்டு பேருமே மறக்கவில்லை, அதுதான் சங்கடம். "கோச்சிக்காதீங்கக்கா, பெட்ரோல் போட்டு எனக்குக் கட்டல. காத்துக்குக் காசு வேணா வாங்கிக்குங்க, குடுத்துடறேன். வராதேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

மூன்று நாள் திருவிழா

இரண்டாவது மாதம் கர்த்தர் கண் திறந்தார் என்று நினைத்தேன். சுத்திகரிப்பு ஆலை ஒன்றைப் பராமரிப்புக்காகக் கொஞ்ச நாள் நிறுத்தியிருந்தார்கள். டேங்கர் லாரிகள் வரத் தாமதமானது. சுற்று வட்டாரத்தில் இரண்டு பங்க்குகளில் 'ஸ்டாக் இல்லை' போர்டு தொங்கியது. நான் முன்கூட்டியே ஆர்டர் போட்டிருந்ததால் எங்கள் டேங்க் நிறைந்திருந்தது. இனிமேல் பெட்ரோலே கிடைக்காது என்று யாரோ செல்போனில் தட்டிவிட, சர்வீஸ் ரோடு முழுக்க வண்டி. பாதி டேங்க் வைத்திருப்பவர்கள்கூட வந்து நிரப்பினார்கள். நான் மணிக்கு ஒரு தடவை அளவுகோலை டேங்குக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டு, சாப்பிடக்கூட மறந்து சந்தோஷமாகத் திரிந்தேன். மூன்றாம் நாள் நோட்டில் எழுதினேன்: 'தேவை குறையவே இல்லை. பெரிய டேங்க்காகப் போடலாம்.'

அடுத்த வாரம் பங்க்கில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். எல்லோர் வண்டியிலும் டேங்க் நிறைய இருக்கும்போது யார் வருவார்கள்? செல்வி என் நோட்டை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், இந்தச் சம்பளம்தான் சோறு. பொய் எழுதச் சொல்ல என்னைவிட அவளுக்குத்தான் நியாயம் அதிகம். அவள் சொன்னது இது: "அக்கா, அது வியாபாரம் இல்ல, பயம். மூணு நாள் வந்தத எழுதனீங்களே, ஏழு நாள் வராததயும் எழுதுங்க." அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

கடைசி வரி

மூன்றாவது மாதம் வந்தது. பேரல் போச்சு, லாரி விலையைப் பொறுத்து, ஆட்டோ பாதி போச்சு, பைக் இருக்கிறது என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். ஒரே ஒரு வரி மட்டும் எழுத வரவில்லை. ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், ஆம்பூருக்கு தினம் போய் வர பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று அந்த மாதம்தான் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியிருந்தார். பெட்ரோல் பங்க் மேனேஜர் வீட்டு வாசலிலேயே சார்ஜ் ஏறுகிறது! இதை எழுதினால் முதலாளி நேராக பிரியாணிக்காரருக்குத்தான் போன் போடுவார். எழுதாமல் விட்டால் ஊரையெல்லாம் கேட்டுவிட்டு என் வீட்டை மட்டும் மறைத்தவளாவேன். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, வீட்டுக்காரரிடம் தேவையில்லாமல் எரிந்து விழுந்தேன். கடைசியில் எழுதிவிட்டேன்: 'பத்து வருஷம் கழித்து எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறோம்.'

முதலாளி என் எதிரிலேயே உட்கார்ந்து படித்தார். செல்வி வெளியே பைக்குக்குப் போட்டுக்கொண்டே கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கடைசி வரிக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.  இதோ பன்னிரண்டு பேரையும் நானே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அவர் காகிதத்தை மடித்து மேஜை மேல் வைத்தார். பிறகு என்ன மைலேஜ் கொடுக்கிறது, சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஸ்கூட்டரைப் பற்றி விசாரித்தார். வீட்டில் நாலு மணி நேரம் ஆகும் என்றேன், நெடுஞ்சாலையில் வேகமாக ஏற்றுகிற இடத்தில்கூட கார் அரை மணி நிற்கத்தான் வேண்டும் என்றேன். போனை எடுத்தார். பிரியாணிக்காரரைத்தான் கூப்பிட்டார். "முழு இடம் தரமாட்டேன், பின்பக்கம் பாதி எடுத்துக்குங்க. முன்னாடி கரண்ட் வண்டிங்களுக்கு சார்ஜ் பாயிண்ட் வெக்கப்போறேன். சார்ஜ் போட்டுட்டு அரை மணி சும்மா நிக்கறவன் இன்னா பண்ணுவான், சாப்புடுவான்." அதன்பிறகு என்னிடம் திரும்பினார். "டேங்க் போடலாம். பழைய அளவுல பாதி போதும். பன்னெண்டு பேரும் இருங்க. கோட்டு போட்டவங்க ரெண்டு பேரும் ஊர் கதைய சொன்னாங்க, நீ ஒருத்திதான் உன் வீட்டுக் கதைய சொன்ன."

உலகத்தில் எண்ணெய்க்கு இன்னும் எவ்வளவு காலம் என்று யாராவது என்னைக் கேட்டால், இப்போதைக்குப் பாதி டேங்க் என்று சொல்லிவிட்டு, வண்டிக்குப் பெட்ரோல் போடும்போது மட்டும் வாயைத் திறக்காமல் இருக்கிறேன்.