மாமா அனுப்பிய சாம்பிள்

எங்கள் ஊரில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கண் டாக்டர் என்றால் கண்ணாடி எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் புரை எடுக்க வேண்டும். நானோ பாதி வாரம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, மீதி வாரம் அவர்களுடைய ரத்தத்தை வைத்துக்கொண்டு ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவள். பரம்பரையாக வரும் விழித்திரை நோய்களுக்கு எந்த மரபணு காரணம் என்று தேடுவது என் ஆராய்ச்சி. "மருந்து கண்டுபுடிச்சாச்சுங்களா?" என்று ராயபுரத்துச் சொந்தக்காரர்கள் ஒவ்வொரு கல்யாணத்திலும் கேட்பார்கள். இன்னும் இல்லை என்பேன். ஆர்டர் எடுத்த சில மாதத்தில் பனியனைத் தைத்துக் கன்டெய்னரில் ஏற்றிவிடுகிற ஊர் இது. வருடக்கணக்காக ஒன்றும் ஏற்றாதவளைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, என் இலைக்கு இன்னொரு கரண்டி பாயசம் போடச் சொல்வார்கள்.

இந்தப் படிப்புக்கு நான் போனதற்குக் காரணம் என் தங்கை. அந்தி சாய்ந்தால் அவளுக்குக் கண் தெரியாது. இப்போது பகலிலும் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று பழுதான மரபணு இரண்டு வந்து சேர்ந்தால்தான் இந்த நோய் வரும். சொந்தத்துக்குள் கட்டினால் அப்படிச் சேர வாய்ப்பு அதிகம். ஆய்வுக்காக அம்மாவிடம், உங்கள் கல்யாணம் சொந்தத்திலா என்று முறைப்படி கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல கண்ணு. வேற வேற கூட்டம்" என்றார்.

அப்பா அவருக்குச் சொந்த அத்தை மகன். கூட்டம், அதாவது அப்பா வழிக் குலம், வேறு என்றால் எங்கள் ஆட்களுக்கு ரத்தமும் வேறு. ஆய்வுக்காகப் பல்லடம் பக்கம் போய்க் கேட்டாலும் இதே பதில்தான் கிடைக்கும். எனக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது.

தங்கையை மாமா மகனுக்கு, அதாவது அம்மாவின் அண்ணன் மகனுக்கு, கொடுப்பது என்பது அவர்கள் தவழ்ந்த காலத்திலேயே பேசி வைத்தது. வளர்ந்த பிறகு அவர்களுக்கே ஒருவரையொருவர் பிடித்தும் போனது. நடுவில் புகுந்து காரியத்தைக் கெடுத்தவள் நான். அவனிடமும் அந்தப் பழுது ஒன்று இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இல்லையென்றால் பயமில்லை, ஒரு சோதனை செய்துவிடுவோம் என்றேன். மாமாவின் மனைவி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். ரிப்போர்ட் வந்த பிறகுதான் கல்யாணப் பேச்சே என்று சொல்லிவிட்டார். மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. தங்கச்சி மகள் வேறு வீட்டுக்குப் போவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

மாமாவுக்கு நல்லூரில் பனியன் கம்பெனி. அங்கேயே ஆளை வரவழைத்து, ரத்தம் எடுத்து அனுப்பிவைத்தார். சொந்த வீட்டு ரத்தத்தை நானே பார்ப்பது முறையில்லை என்பதால் கூட வேலை செய்பவர் பார்த்தார். பழுது இல்லை என்று வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"மாமா பையன்னு சொன்னீங்க. உங்க தங்கச்சிக்கும் இந்த ஆளுக்கும் ரத்தத்துல ஒரு சம்பந்தமும் இல்லையே, மேடம்."

நேரே நல்லூருக்குப் போனேன். மாமா மறைக்கவே இல்லை.

"நம்ம கட்டிங் மாஸ்டரோட ரத்தம் சாமி. திருநெல்வேலிக்காரரு. இந்த வயசுலயும் கண்ணாடி போடாம ஊசில நூல் கோக்கறாரு."

"ஏனுங்க மாமா இப்படிப் பண்ணுனீங்க?"

"லேபுக்குன்னா நல்ல பீஸாப் பாத்துத்தான அனுப்போணும்? கைக்குக் கெடச்சத அனுப்பிட்டு, ஃபெயிலாயிட்டா யாரு பதில் சொல்றது?"

சாயம் போகுமா, சுருங்குமா என்று சோதிக்க அனுப்பும் துணியைத் தனியாகக் கவனித்துத் தைத்து, தேய்த்து அனுப்பியே பழகியவர். தன் மகன் விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருந்துவிட முடியுமா? கம்பெனி செலவில் சுகர் பார்க்கிறார்கள் என்று நம்பி கட்டிங் மாஸ்டர் சந்தோஷமாகக் கையை நீட்டியிருக்கிறார். தனக்குச் சுகர் எவ்வளவு என்று அன்றைக்கு என்னிடமும் விசாரித்தார்.

அடுத்த வாரம் மாமா மகனே பஸ் ஏறி வந்து ரத்தம் கொடுத்தான். அவனிடம் பழுது இருந்தது. தங்கையிடம் நீங்களே சொல்லுங்கள், நானும் பக்கத்தில் இருக்கிறேன் என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் உட்கார்ந்தோம். மாமாவும் வந்திருந்தார்.

"அந்த மொத ரிப்போர்ட்டு பாஸ்தான சாமி? அதையே உங்கத்தைகிட்டக் காட்டிரலாம்" என்றார்.

"வேண்டாங்கப்பா. அம்மாகிட்ட நானே உள்ளதச் சொல்லிக்கறேன்" என்றான் மகன்.

நான் தங்கைக்கு விளக்க ஆரம்பித்தேன். பாதிக்குப் பாதி என்றால் என்ன, கருவிலேயே சோதிக்க என்ன வழிகள், குழந்தை வேண்டாம் என்றால் என்ன செய்யலாம். கருத்தரங்குகளில் பேசிப் பேசி மெருகேறிய பேச்சு, தடங்கலில்லாமல் வந்தது. அவள் மடியில் முறத்தை வைத்துக் கடலைக்காயை உரித்துக்கொண்டே முழுவதும் கேட்டாள்.

"என்ன மாதிரி ஒண்ணு பொறந்துரக் கூடாதுன்னுதான் இத்தன வருசமாப் படிச்சியாக்கா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உன் கண்ணுக்கு மருந்து தேடித்தான் படித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த மருந்து இன்னும் வரவில்லை. கையில் இருந்ததெல்லாம் அவளைப் போல இன்னொருத்தி வராமல் தடுக்கிற வித்தை மட்டும். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவள் உரித்த கடலையில் ஒரு கை அள்ளி என்னிடம் கொடுத்தாள்.

மகன் உள்ளதைச் சொன்ன பிறகு அத்தை ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. பிறகு அவரே வந்து தேதி குறிக்கச் சொன்னார். குழந்தை விஷயத்தை அவர்கள் இரண்டு பேரும் முடிவு செய்துகொள்வார்கள், யாரும் என்னைக் கேட்கவில்லை. வருகிற ஆவணியில் கல்யாணம். ரிசப்ஷனைச் சாயங்காலம் வைக்க வேண்டாம், வருகிறவர்கள் முகம் பொண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று மாமா அதை மத்தியானத்துக்கு மாற்றியிருக்கிறார்.